72 செவெல்: விற்றவர் 350 என்கிறார், பிளாக் என்ன சொல்கிறது?

#1 செவெல்72

எல்லோருக்கும் வணக்கம். டல்லாஸ் பக்கம் வசிக்கிறேன். பல வருட ஆசை போன மாதம் கைகூடியது: 1972 செவ்ரலே செவெல் மாலிபு, இரண்டு கதவு ஹார்ட்டாப், ஆட்டோமேட்டிக் கியர். விற்றவர் மூன்று விஷயம் சொன்னார். "ஒரிஜினல் 350. ஃபோர் போல்ட் மெயின். நம்பர் மேட்சிங்." (கிராங்க் ஷாஃப்டைப் பிடிக்கும் நடுக் கேப்களுக்கு நான்கு நான்கு போல்ட், எண்கள் ஒத்துப்போகிற, வண்டியோடு பிறந்த என்ஜின் என்று அர்த்தமாம்.) முன் ஃபெண்டரிலும் 350 பேட்ஜ் இருக்கிறது.

ஓட்டினால் சத்தம் அருமை, இழுவைதான் இல்லை. மேட்டில் ஏறும்போது மிதித்தால் ஒரு தயக்கம், அப்புறம்தான் நகர்கிறது. ஐடிலில் லேசான நடுக்கமும் உண்டு.

இரண்டு கேள்விகள். உள்ளே இருப்பது உண்மையில் எந்த என்ஜின்? கையில் 4,000 டாலர் இருக்கிறது, எதில் தொடங்கலாம்? டேஷ்போர்டில் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் வின் எண்ணில் (வண்டியின் அடையாள எண்) ஐந்தாவது இடத்தில் எஃப் என்ற எழுத்து இருக்கிறது. இது ஏதாவது சொல்லுமா?

#2 பழைய_கிரீஸ்

தம்பி, வாழ்த்துகள். நல்ல வண்டி. அந்த ஐந்தாவது எழுத்தே பாதிக் கதையைச் சொல்லிவிடும். 1972இலிருந்துதான் செவ்ரலேயின் தாய் நிறுவனமான ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) வின் எண்ணுக்குள் என்ஜின் எழுத்தையும் சேர்த்தார்கள். அந்த வருட செவெலில் எஃப் என்றால் 307 கன அங்குலம், இரண்டு பேரல் கார்புரேட்டர். ஹெச் என்றால் 350 இரண்டு பேரல், ஜே என்றால் 350 நான்கு பேரல். யு என்பது 402 பிக் பிளாக், டபிள்யூ என்பது 454.

ஆக, உங்கள் வண்டி 307ஓடு பிறந்தது. இப்போது உள்ளே இருப்பது 350 ஆக இருக்கலாம், ஆனால் அது "ஒரிஜினல் 350" ஆக முடியாது. பேட்ஜை யாரும் வாங்கி ஒட்டலாம்.

வெளியே பார்த்து ஏன் கண்டுபிடிக்க முடியாது என்றால், 1955இல் வந்த 265இலிருந்து 283, 327, 307, 350, 305, 400 வரை எல்லாமே ஒரே ஸ்மால் பிளாக் குடும்பம். வெளி உருவமும் மவுன்ட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் எல்லாம் உள்ளே. 307க்கு போர் (சிலிண்டரின் விட்டம்) 3.875, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 3.25 அங்குலம். 350க்கு 4.00, 3.48. பிக் பிளாக்கா என்ற சந்தேகம் மட்டும் நொடியில் தீரும்: வால்வ் கவரின் போல்ட்டை எண்ணுங்கள். ஸ்மால் பிளாக்கில் கவருக்கு நான்கு, பிக் பிளாக்கில் ஏழு.

இனி செய்ய வேண்டியது. டிரைவர் பக்கம், என்ஜினின் பின்புறம், பெல் ஹவுசிங் சேரும் விளிம்பின் மேல் ஏழு இலக்க வார்ப்பு எண் புடைத்து நிற்கும். கிரீஸ் மூடியிருக்கும். கார்புரேட்டர் கிளீனர் அடித்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, படம் எடுங்கள். எதிர்ப்பக்க விளிம்பில் வார்ப்புத் தேதி: ஒரு எழுத்து மாதம், அப்புறம் நாள், கடைசியில் வருடத்தின் ஒற்றை இலக்கம்.

மூன்றாவது இடம் பயணி பக்க ஹெட்டுக்கு முன்னால், ஆல்டர்னேட்டருக்குப் பின்னே ஒளிந்திருக்கும் சின்னத் தட்டையான பேட். அதில் எண்கள் புடைத்திருக்காது, பஞ்ச் பண்ணியிருக்கும். அதை மட்டும் கம்பி பிரஷால் தொடாதீர்கள். துணியில் சால்வென்ட் நனைத்துத் துடைத்தால் போதும். ஆலையில் அந்த முகத்தைச் சீவியபோது விழுந்த மெல்லிய இணைகோடுகள் அதில் இருக்கும். அந்தக் கோடு இருந்தால் முத்திரை அசல் என்று நம்பலாம். உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, வேறு எண் அடித்து "மேட்சிங்" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல பேடைத் தெரியாமல் தேய்த்துக் கெடுத்த வண்டிகளையும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன், மனசு வலிக்கும்.

#3 டொரன்டோ_பிஸ்டன்

கிரீஸ் அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பேடில் இரண்டு வரிசை இருக்கும். ஒன்று வண்டியின் வின் எண்ணின் சுருக்கம். கடைசி ஆறு இலக்கம் உங்கள் டேஷ்போர்டு எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். மற்றது என்ஜின் கூட்டிய ஆலை, மாதம், நாள், அப்புறம் மூன்று எழுத்துக் குறி. இந்த வரிசையின் முதல் எழுத்து, அதாவது ஆலை எழுத்து, வி என்றால் மிச்சிகனின் ஃபிளின்ட், டி என்றால் நியூயார்க் மாநிலத்தின் டோனவான்டா, கே என்றால் எங்கள் ஒன்டாரியோவின் செயின்ட் கேத்தரின்ஸ். டொரன்டோவிலிருந்து ஏரியைச் சுற்றி நயாகரா போகும் வழியில் இருக்கிற ஊர். எங்கள் பக்கத்து என்ஜினா என்று ஆவலாக இருக்கிறேன், படம் போடுங்கள்.

#4 செவெல்72

சனிக்கிழமை முழுக்க இதற்கே போனது. பல் டாக்டரின் கண்ணாடியும் போனும்தான் கைகொடுத்தன.

வார்ப்பு எண் 3970010. வார்ப்புத் தேதி எஃப் 12 4. பேடில் இணைகோடுகள் தெளிவாகத் தெரிகின்றன, நான் துணியால் மட்டும்தான் துடைத்தேன். முதல் வரிசை: வி 0708, பிறகு டி என்று தொடங்கும் மூன்று எழுத்து. இரண்டாவது வரிசையின் கடைசி ஆறு இலக்கம் என் வண்டியோடு சேரவே இல்லை.

வால்வ் கவருக்கு நான்கு போல்ட். அந்த மட்டில் ஸ்மால் பிளாக்.

#5 பழைய_கிரீஸ்

இவ்வளவு சுத்தமாகப் படித்துக்கொண்டு வந்ததற்கு நன்றி தம்பி. இனி பிளாக்கே பேசட்டும்.

3970010 என்பது ஸ்மால் பிளாக் உலகில் அதிகம் கண்ணில் படும் எண்களில் ஒன்று. 1969 முதல் 1979 வரை இந்த வார்ப்பு ஓடியது, பெரும்பாலும் 350க்கு. எஃப் என்றால் ஆறாவது மாதம். 4 என்றால் 1974தான், அந்தப் பத்தாண்டில் வேறு 4 இல்லை. (9 என்று இருந்தால்தான் 69ஆ 79ஆ என்று குழம்பியிருப்போம்.) 12 ஜூன் 1974இல் வார்த்து, ஜூலை 8இல் ஃபிளின்ட்டில் கூட்டியிருக்கிறார்கள். மூன்று எழுத்துக் குறி டி என்று தொடங்குவதால் டிரக்குக்குப் போன என்ஜின். உங்கள் வண்டியோ 1972இல் ஆலையை விட்டு வந்துவிட்டது. இரண்டு வருடம் கழித்து வார்த்த பிளாக் அதில் பிறந்திருக்க வழியே இல்லை.

350 என்று அவர் சொன்னது சரி. ஒரிஜினல், மேட்சிங் இரண்டும் தவறு. ஃபோர் போல்ட்டா என்பது இன்னும் தெரியாது. 010 பிளாக் டூ போல்ட்டிலும் வந்தது, ஃபோர் போல்ட்டிலும் வந்தது. டிரக் என்ஜின் என்பதால் ஃபோர் போல்ட்டுக்கு வாய்ப்பு கூடுதல், அவ்வளவுதான். ஆயில் பேனைக் கழற்றி நடுவில் இருக்கும் மூன்று பேரிங் கேப்பைப் பார்த்தால்தான் உறுதி. செவெலில் என்ஜினைத் தூக்காமல் பேன் வெளியே வராது. 400 குதிரைத்திறனுக்குக் கீழே ஓட்டப் போகிறீர்கள் என்றால் டூ போல்ட்டே தாராளம். இதற்காக மட்டும் பேனைக் கழற்றாதீர்கள்.

இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. மேட்சிங் என்ஜினாக இருந்தால் ஒவ்வொரு போல்ட்டையும் தொட யோசிக்க வேண்டும். இது யாரோ மாற்றிப் போட்ட என்ஜின், தாராளமாகக் கை வைக்கலாம். இன்னொன்று: உங்களிடம் இருப்பது நேர்மையான மாலிபு. எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட் என்ற வேகவகை) பேட்ஜ் ஒட்டச் சொல்லி யாராவது ஆசை காட்டுவார்கள், வேண்டாம். 1972இல் வின் எண்ணை மட்டும் வைத்து எஸ்எஸ் என்று நிரூபிக்கக்கூடியது டபிள்யூ எழுத்து, அதாவது 454 மட்டுமே. மற்ற எஸ்எஸ் வண்டிகளுக்கு ஆலைக் காகிதம் வேண்டும்.

#6 எல்எஸ்_விரும்பி

படித்துக்கொண்டே வந்தேன். ஒரிஜினல் இல்லை என்று ஆகிவிட்டது. இனி எதற்கு 1974 இரும்பில் காசைப் போட வேண்டும்? 1999க்குப் பிறகு வந்த சில்வராடோ டிரக்கின் 5.3 லிட்டர் எல்எம்7 பழைய வண்டிக் கிடங்குகளில் குவிந்து கிடக்கிறது. ஆலையிலிருந்து வரும்போதே 270 முதல் 295 குதிரைத்திறன். ஃபியூயல் இன்ஜெக்ஷன். காலையில் சாவி திருப்பினால் போதும், சோக் இழுக்கிற வேலை கிடையாது. நான் என் நோவாவில் போட்டு நாலு வருடமாக தினமும் ஓட்டுகிறேன்.

#7 பழைய_கிரீஸ்

நீங்கள் சொல்வது நியாயம்தான். தினமும் அலுவலகம் போகிற வண்டி என்றால் நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் என்ஜின் விலையோடு கணக்கு முடிவதில்லை. மவுன்ட் அடாப்டர், செவெலின் குறுக்குச் சட்டத்தில் இடிக்காத ஆயில் பேன், வயரிங், கம்ப்யூட்டர், டேங்குக்குள் உயர் அழுத்த பம்ப், எக்ஸாஸ்ட், கியர்பாக்ஸ் இணைப்பு எல்லாம் சேர்த்தால் 4,000 டாலர் வழியிலேயே தீர்ந்துவிடும். பாதியில் நின்றுபோன எத்தனை வண்டிகள் கராஜில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கின்றன!

தம்பி, எதையும் வாங்கும் முன் ஒரே ஒரு சோதனை. என்ஜினைச் சூடாக்கி, எட்டு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே அளவு சுற்று சுற்றி, கம்ப்ரஷன் பாருங்கள். ஐடில் நடுக்கம் என்று எழுதினீர்களே, அது எனக்கு உறுத்துகிறது.

#8 செவெல்72

பார்த்தேன். ஏழு சிலிண்டரில் 140 முதல் 150 பிஎஸ்ஐ. ஆறாவது சிலிண்டரில் 95. நீங்கள் சொல்வதற்கு முன்பே ஒரு ஸ்பூன் ஆயில் விட்டும் பார்த்துவிட்டேன், 95லேயே நிற்கிறது.

#9 கோவை_லேத்

ஊரில் லேத், ரீபோர் வேலை பார்க்கிறவன். இந்த எட்டு சிலிண்டர் வண்டிகளைத் தொட்டது இல்லை, ஆனால் சிலிண்டர் எங்கே இருந்தாலும் சிலிண்டர்தான். ஆயில் விட்டும் ஏறவில்லை என்றால் ரிங் பக்கம் குற்றம் குறைவு. வால்வ் சீட், ஹெட் வெடிப்பு, அல்லது கேஸ்கெட். ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும்.

கழற்றியதும் போரை மூன்று உயரத்தில், இரண்டு திசையில் அளந்து எழுதி வையுங்கள் சார். மேலே தேய்ந்து கீழே தேயாமல் இருந்தால் டேப்பர் தெரிந்துவிடும். முன்பே ரீபோர் ஆன பிளாக்கா என்றும் தெரியும். பெயர்ப்பலகை 350 என்று சொன்னாலும் டயல் கேஜ் சொல்வதுதான் கணக்கு. எங்கள் பட்டறையில் அளக்காமல் பிஸ்டன் ஆர்டர் போட்டால் திட்டு விழும்.

#10 செவெல்72

கோவை அண்ணன் சொன்னபடியே செய்தேன். இரண்டு ஹெட்டும் வெளியே வந்துவிட்டன.

பிஸ்டன் தலையில் 030 என்று பஞ்ச் பண்ணியிருக்கிறது. போர் எல்லா இடத்திலும் 4.030 பக்கத்தில்தான் இருக்கிறது, டேப்பர் மிகக் குறைவு. யாரோ ஒருமுறை ரீபோர் செய்திருக்கிறார்கள், நன்றாகவே செய்திருக்கிறார்கள். பிஸ்டன் தட்டையானது, நான்கு வால்வ் குழி.

ஹெட்டின் வார்ப்பு எண் 333882. ஆறாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் சீட் பக்கம் முடி மாதிரி ஒரு கோடு. கடையில் மேக்னாஃப்ளக்ஸ் (காந்தத்தால் வெடிப்பைக் காட்டும் சோதனை) செய்து பார்த்தார்கள், வெடிப்புதான்.

#11 பழைய_கிரீஸ்

882! பெயரைக் கேட்டதும் புரிந்துவிட்டது. எழுபதுகளின் நடுவில் வந்த ஹெட். எடை குறைக்க மெல்லிசாக வார்த்தார்கள், வெடிப்பு விடுவதில் பெயர் எடுத்தது. எரியறை 76 சிசி. அதைத் தைத்துச் செலவு செய்ய வேண்டாம்.

உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. 1996 முதல் 2000 வரை செவி டிரக்கில் வந்த 5.7 லிட்டரின் வோர்டெக் ஹெட் தேடுங்கள். வார்ப்பு எண் 906 அல்லது 062 என்று முடியும். எரியறை 64 சிசி, காற்று போகும் வழி பழைய ஹெட்டைவிட எவ்வளவோ மேல். கிடங்கில் எடுத்தால் அதையும் மேக்னாஃப்ளக்ஸ் செய்துவிட்டே காசு கொடுங்கள், சூடேறிய டிரக்கில் இருந்து வந்தால் அதுவும் சீட்டில் வெடித்திருக்கும்.

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 4.030 போர், 3.48 ஸ்ட்ரோக்: சிலிண்டருக்கு 727 சிசி. எட்டும் சேர்த்தால் 355 கன அங்குலம், ஆக உங்களுடையது இப்போது 355. பிஸ்டன் டெக்கிலிருந்து (பிளாக்கின் மேல் முகம்) 0.025 அங்குலம் கீழே நிற்கிறது என்று வைத்தால் 5 சிசி. கேஸ்கெட் சுமார் 8.5. வால்வ் குழி 6. பழைய ஹெட்டோடு மொத்தம் 95.5 சிசி சொச்சம், கம்ப்ரஷன் விகிதம் 8.6. வோர்டெக் போட்டால் 83.5 சொச்சம், விகிதம் 9.7. பிஸ்டனைத் தொடாமலே ஒரு புள்ளிக்கு மேல் ஏறுகிறது. 93 ஆக்டேன் போட்டு ஓட்டுங்கள். டெக் உயரத்தை மட்டும் நீங்களே அளந்து என் கணக்கைச் சரிபாருங்கள்.

1971இல் ஜிஎம் எல்லா என்ஜினிலும் கம்ப்ரஷனை இறக்கியது. ஈயமில்லாத பெட்ரோலுக்கும் வரப்போகும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும் தயாராக வேண்டியிருந்தது. அன்று தலைவராக இருந்து அதை முன்னின்று நடத்தியவர் எட் கோல். 1955இல் செவ்ரலேயின் தலைமைப் பொறியாளராக இந்த ஸ்மால் பிளாக்கைக் கொண்டுவந்தவரும் அவரேதான். 1972இல் குதிரைத்திறனை நிகர அளவில் எழுதவும் தொடங்கினார்கள். 350 நான்கு பேரலுக்கு 175 என்று கையேட்டில் பார்த்து மனம் தளராதீர்கள். பழைய வருடங்களின் பெரிய எண்கள் எல்லாம் ஏர் கிளீனர், மஃப்ளர் இல்லாமல் பெஞ்சில் எடுத்தவை.

#12 எல்எஸ்_விரும்பி

சரி, வோர்டெக் ஹெட் என்றால் நானும் ஒத்துக்கொள்கிறேன், நல்ல யோசனை. ஆனால் சில கண்ணிகளைச் சொல்லிவிட வேண்டும். பழைய இன்டேக் மேனிஃபோல்ட் பொருந்தாது. பழையதற்கு 12 போல்ட், வோர்டெக்குக்கு 8. அதற்கென்று வருவதை வாங்க வேண்டும். வால்வ் கவரும் நடுவில் போல்ட் வைக்கிற மாதிரி. எக்ஸாஸ்ட் சூடு இன்டேக்குக்கு அடியில் போகும் வழி இந்த ஹெட்டில் கிடையாது, அதனால் சோக் எலக்ட்ரிக்காக இருக்கட்டும். ராக்கர் தானே வால்வ் மேல் நேராக நிற்கிற வகை, கைடு பிளேட்டோடு சேர்த்துப் போடாதீர்கள். ஆலை ஸ்பிரிங்கோடு கேம் லிஃப்ட் 0.450க்குள் இருப்பது பாதுகாப்பு.

#13 செவெல்72

அருமை. கேம் ஷாஃப்டும் மாற்றலாமா? கார்புரேட்டர் 750 வாங்கச் சொல்கிறார் நண்பர் ஒருவர்.

#14 டொரன்டோ_பிஸ்டன்

750 வேண்டாம் அண்ணா. கணக்கு சுலபம்: கன அங்குலத்தை அதிகபட்ச ஆர்பிஎம்மால் பெருக்கி 3456ஆல் வகுங்கள். 355 × 5500 ÷ 3456 = 565. தெரு என்ஜின் 85 சதவீதம்தான் நிரம்பும் என்றால் 480. ஆக 600 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) போதும், மேட்டில் வருகிற தயக்கமும் குறையும். வண்டியில் ஜிஎம்மின் பழைய நான்கு பேரல் கார்புரேட்டரான குவாட்ராஜெட் இருந்தால் அதையே சுத்தம் செய்து போடுங்கள். இன்டேக் மட்டும் அதற்கு ஏற்ற ஸ்ப்ரெட் போர் வகையாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

கேம் பற்றி என் அனுபவம் ஒன்று. எட்டு வருடம் முன்பு என் கமேரோவுக்குப் புதுக் கேம் போட்டேன். வேலை செய்த பட்டறையில் சாதாரண ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, ஐடிலில் விட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நானும் பக்கத்தில் நின்று சத்தத்தை ரசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாரத்தில் ஒரு சிலிண்டரில் டிக் டிக். கழற்றினால் கேமின் ஒரு மூக்கே தேய்ந்து உருண்டையாகிவிட்டது. அந்த இரும்புத்தூள் எல்லா பேரிங்கிலும் ஓடியிருந்தது. முழு என்ஜினையும் திரும்ப இறக்கினேன்.

உங்களுடையதும் ஃபிளாட் டேப்பட் என்ஜின், அதாவது லிஃப்டர் உருளை இல்லாமல் கேம் மேல் உரசி ஓடும் வகை. துத்தநாகம் சேர்ந்த பிரேக் இன் ஆயில், கேம் மேல் தடவும் பசை, புது லிஃப்டர், இதில் எதையும் விடாதீர்கள். ஸ்டார்ட் ஆன நொடியிலிருந்து 2000 முதல் 2500 ஆர்பிஎம், ஏற்றி இறக்கி, 20 முதல் 30 நிமிடம். ஐடிலுக்கு விடவே கூடாது. அதற்கு முன் டிரில் போட்டு ஆயில் பம்பைச் சுற்றி, ராக்கர் வரை ஆயில் வருகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

#15 பழைய_கிரீஸ்

தம்பி டொரன்டோ எழுதியதை அச்செடுத்து கராஜ் சுவரில் ஒட்டி வையுங்கள்.

இன்னொன்று, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்கள் வண்டிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் என்றால், இந்த என்ஜின் ஓடும் முன் முன்சக்கரத்துக்கு டிஸ்க் போடுங்கள். வேண்டுமானால் கேமை அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள். டிரம் சூடேறினால் இரண்டாவது தடவை மிதிக்கும்போது பிடிக்காது. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகப் போகிற வண்டி.

#16 செவெல்72

நான்கும் டிரம்தான். டிஸ்க் போட்டுவிட்டேன். குடும்பத்தில் கேட்டதும் முதலில் சம்மதம் கிடைத்தது அதற்குத்தான்.

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். 062 ஹெட், லிஃப்ட் 0.440 பக்கம் வருகிற சாதுவான கேம், 600 கார்புரேட்டர், இரட்டை எக்ஸாஸ்ட். பாயின்ட் டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு ஜிஎம்மின் எலக்ட்ரானிக் வகையான ஹெச்இஐ போட்டேன். முதலில் பழைய வயரிலேயே இணைத்ததால் பிளக்கில் தீப்பொறி மங்கலாக இருந்தது. அது மின்தடை வயர் என்று அப்புறம்தான் புரிந்தது. ஃபியூஸ் பெட்டியிலிருந்து முழு 12 வோல்ட் இழுத்ததும் சரியாகிவிட்டது.

பிரேக் இன் 25 நிமிடம். வாழ்க்கையில் இவ்வளவு நீளமான 25 நிமிடத்தைப் பார்த்ததில்லை. மகள் ஆயில் பிரஷர் கேஜைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இப்போது ஐடிலில் வாக்குவம் 17 அங்குலம், நடுக்கம் இல்லை. டைமிங் ஐடிலில் 12 டிகிரி, மொத்தம் 33. எட்டு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 5 பிஎஸ்ஐக்குள் நிற்கின்றன. அந்த மேட்டில் நேற்று ஏறினேன். பாதி மிதித்ததற்கே வண்டி சீறிக்கொண்டு போனது.

#17 கோவை_லேத்

ரொம்ப சந்தோஷம் சார். 200 மைல் ஓடியதும் இன்டேக் போல்ட்டை இன்னொரு தடவை டார்க் ரென்ச்சில் பாருங்கள். சூடாகி ஆறும்போது கேஸ்கெட் அமுங்கும்.

#18 டொரன்டோ_பிஸ்டன்

செயின்ட் கேத்தரின்ஸ் என்ஜின் இல்லையே என்ற குறை தவிர எல்லாம் நிறைவு. ஃபெண்டரில் இருந்த அந்த 350 பேட்ஜை என்ன செய்தீர்கள்?

#19 செவெல்72

அது அங்கேயே இருக்கிறது. ஆனால் டேஷ்போர்டின் பெட்டியில் ஒரு தாளை உறையில் போட்டு வைத்திருக்கிறேன். "ஆலையில் 307. இப்போது 3970010, 12 ஜூன் 1974 வார்ப்பு, டிரக் என்ஜின், 0.030 ஓவர். ஹெட் 062. கேப் டூ போல்ட்டா ஃபோர் போல்ட்டா, யாரும் திறந்து பார்க்கவில்லை." பேடின் படத்தையும் பின் பண்ணி வைத்தேன்.